மதுரையா, தஞ்சாவூரா?

இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் பலருக்கும் வரும் குழப்பம் இது. இரண்டுமே பழைய தலைநகரங்கள்தான். ஊரின் குணம் மட்டும் வேறு.

வரலாறு
மதுரை: பாண்டியர், பிறகு நாயக்கர். திருமலை நாயக்கர் மகால் 1636-இல் எழுந்தது. பக்கத்திலேயே கீழடி, 2023-இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.
தஞ்சை: முதலாம் இராசராசன் 1010-இல் கட்டி முடித்த பெரிய கோயிலைப் பார்த்ததும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. நாயக்கருக்குப் பின் 1855 வரை மராட்டியர் இருந்த ஊர் இது. அரண்மனை வளாகத்தில் இரண்டாம் சரபோஜி வளர்த்த சரஸ்வதி மகால் நூலகம் இருக்கிறது. தமிழ், சமஸ்கிருதம், மராத்தி, தெலுங்குச் சுவடிகள் அங்கே உண்டு. கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள். அவற்றின் முன் அவசரப்படாமல் நில்லுங்கள்.

பொருளாதாரம்
மதுரை: வணிகம், நெசவு. டிவிஎஸ் குழுமம் 1911-இல் தொடங்கியது இங்கேதான்.
தஞ்சை: நெல். மேட்டூர் தண்ணீர் நேரத்துக்கு வந்தால்தான் கடைவீதியிலும் பணம் புழங்கும்.

கைவினை
மதுரை: சுங்குடிச் சேலை. அப்புறம் மல்லிகை.
தஞ்சை: வீணை, ஓவியம், தலையாட்டி பொம்மை.

வசதி
மதுரை: விமான நிலையம் உண்டு, இரவு வெகுநேரம் வரை சூடாக இட்லி கிடைக்கும்.
தஞ்சை: திருச்சியில் இறங்கி வரலாம், இரவில் ஊர் சீக்கிரம் அடங்கிவிடும்.

சித்திரைத் திருவிழா சமயம் என்றால் வேறு யோசனையே வேண்டாம், மதுரைதான். அறையை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். சாப்பாடும் கூட்டமும் கலகலப்பும் பிடித்தவர்களுக்கும் அதுவே சரி. சிற்பம், சுவடி, இசை என்று நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் தஞ்சைக்குப் போங்கள்.