மாவு வண்டுக்குப் பொருந்தாத மென்பொருள்

ஆய்வுக்காக மாவு வண்டு வளர்க்கிறேன். பூச்சித்தொகையைக் கணிக்கும் மென்பொருள் ஒன்றை ஆறு வாரம் ஓட்டிப் பார்த்தேன்.

பிடித்தது, வளர்ச்சி வீதத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர். ஒரு தலைமுறையின் தொகையிலிருந்து அடுத்த தலைமுறையின் தொகையைக் கணக்கிடும் லாஜிஸ்டிக் சமன்பாட்டில் அந்த வீதம் 3-ஐத் தாண்டியதும் தொகை இரண்டு மதிப்புகளுக்கிடையே ஊசலாடுகிறது, 3.57-க்கு மேல் பெரும்பாலும் ஒழுங்கே இல்லை. இதைப் பற்றிச் சூழலியலாளர் ராபர்ட் மே 1976-இல் எழுதியதைப் பல தடவை படித்திருக்கிறேன். விரலால் தள்ளிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

வேறு பூச்சியின் மேலோ உள்ளேயோ முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிக்கு, இரண்டின் தொகையையும் சேர்த்துக் கணிக்கும் 1935-இன் நிக்கல்சன்–பெய்லி மாடல் இதில் உண்டு. ஊசலாட்டம் பெருகிக்கொண்டே போய்க் கடைசியில் எல்லாம் அழியும். மென்பொருளின் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், அந்த மாடலின் குணமே அதுதான். உதவிப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

பெரிய குறை, பூச்சியின் வளர்ச்சிப் பருவங்களைப் பிரிக்க வழியில்லை. மாவு வண்டு தன் இனத்து முட்டையையும் கூட்டுப்புழுவையும் தின்னும். புழுவும் முட்டையை விடாது. புழு, கூட்டுப்புழு, வண்டு என்று பிரிக்காமல் என் ஜாடிகளை எப்படிக் கணிப்பது? அந்த மூன்று சமன்பாடுகளையும் எக்செல்லில் நானே எழுதிக்கொண்டேன்.

சரி, பாடம் நடத்த வாங்கலாம். ஆய்வுக்கு வேண்டாம். அப்புறம், சேமிக்காமல் மூடினால் ஒரு வார்த்தை கேட்காமல் மூடிவிடும். இரண்டு நாள் வேலை அப்படிப் போனது.