வீல் ஆர்ச் துரு: ரெடிமேட் பேனலா, காயலான் கடைத் துண்டா, கையால் அடித்த தகடா?

கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி கடற்கரைப் பக்கத்திலோ நிற்கும் கார்களில் பின் வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலே உள்ள வளைந்த தகடு) சீக்கிரம் அரித்துப்போகும். உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழைச் சேறும் உள்மடிப்பில் தங்கிவிடுகின்றன. முன் ஃபெண்டர் (முன் சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) பெரும்பாலும் போல்ட்டில் நிற்பது. கழற்றிப் புதிது மாட்டிவிடலாம். பின்பக்கம் பாடியோடு வெல்டு ஆனது, அங்கேதான் யோசிக்க வேண்டும்.

ஆர்ச்சில் பாதிக்கு மேல் போயிருந்தால் ரெடிமேட் பேனல் வாங்குங்கள். ஆனால் வெட்டுவதற்கு முன் கிளாம்ப் போட்டு, கதவை மூடிப் பாருங்கள். கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவில் வரவில்லையென்றால் அந்தப் பேனல் வேண்டாம்; பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசிச் சமாளித்தால் பிறகு வெடிக்கும்.

காயலான் கடைத் துண்டில் கம்பெனி வளைவும் கனமும் அப்படியே கிடைக்கும். உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அதுவும் இதே கடற்கரையில் ஓடிய வண்டியாக இருந்தால், ஸ்பாட் வெல்டு (புள்ளி புள்ளியாக வைத்த வெல்டு) மடிப்புக்குள் துரு ஒளிந்திருக்கும்.

உள்ளங்கை அகல ஓட்டைக்கு எங்கள் ஓட்டு கையால் அடித்த தகட்டுக்கே. 0.8 மி.மீ. சிஆர் ஷீட் (பூச்சில்லாத, குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) போதும். ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய தகடு) வேண்டாம்: வெல்டு சூட்டில் துத்தநாகம் ஆவியாகி வெல்டில் துளை விழும், அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சலும் வரும்.

கண்ணுக்குத் தெரியும் துருவைத் தாண்டி, பளிச்சென்ற இரும்பு வரும்வரை வெட்டி, அட்டையில் அச்செடுங்கள். உள்மடிப்புக்கு 12 மி.மீ. கூடுதலாக விடுங்கள். கஷ்டமே இந்த மடிப்புதான். குழிந்த வளைவில் மடிக்கும்போது ஓரம் நீள வேண்டும். ஒரே அடியில் 90 டிகிரிக்குக் கொண்டுபோனால் கிழியும். முதலில் வெட்டு ஓரத்தை அரம் போட்டு வழவழப்பாக்குங்கள், சிறு பிசிறிலிருந்துதான் விரிசல் கிளம்பும். பிறகு டாலி (தகட்டுக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி) வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து சுற்றில் மடியுங்கள். ஓரம் போதுமான அளவு நீளவில்லையென்றால் துண்டே முறுக்கிக்கொள்ளும். அப்போது மடிப்பை மட்டும் டாலிமேல் வைத்துத் தட்டி நீட்டினால் நேராகும்.

சிஓ2 வெல்டிங்கில் (கம்பி தானே வந்துகொண்டிருக்கும் மின் வெல்டிங்) 0.8 மி.மீ. கம்பி போட்டு, ஒரு அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வையுங்கள். தொடர்ந்து இழுத்தால் தகடு அலைபோல் நெளியும். கேஸ் வெல்டிங்கில் சூடு இன்னும் பரவும். நல்ல கை இருந்தால்தான் அது சரிப்படும்.

எந்த வழியில் போனாலும் உள்பக்கம் எபாக்சி பிரைமர் அடித்து, மடிப்பில் சீலன்ட் வைத்து, பெயிண்ட் காய்ந்தபின் மெழுகு ஸ்பிரே செய்யுங்கள். கீழே உள்ள தண்ணீர் வடியும் துளைகளைச் சீலன்ட்டால் அடைத்துவிடாதீர்கள்.