ஏழையின் வழக்குக்குப் பணம் எங்கிருந்து?

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர் போன வருடம் சம்மனோடு வந்து நின்றார். தவணையில் வாங்கிய ஃப்ரிட்ஜுக்குப் பாக்கி. வக்கீல் வைக்க வழியில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. கடைசியில் பாக்கியோடு வட்டி, கடைக்காரரின் வக்கீல் செலவு, சம்மன் கொண்டுவந்த ஷெரிஃபின் கட்டணம் எல்லாம் அவர் தலையில் விழுந்தது. சிவில் வழக்குகளுக்கான சட்ட உதவியைப் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு அந்த பில்தான் ஞாபகம் வருகிறது.

தென்னாப்பிரிக்காவில் இப்போது இருக்கும் வழி அரசு மானியம். வசதியில்லாதவர்களுக்கு வக்கீல் தரும் அமைப்பான லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா பெரும்பாலும் அதில்தான் ஓடுகிறது. அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு, வக்கீல் இல்லாவிட்டால் பெரிய அநீதி நேரும் என்றால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசு செலவில் வக்கீல் தரச் சொல்கிறது. சிவில் தகராறுகளுக்கான 34ஆம் பிரிவு கோர்ட்டுக்குப் போகும் உரிமையைத் தருகிறது, வக்கீலைப் பற்றிப் பேசவில்லை. அதனால் பணம் முதலில் கிரிமினல் பக்கம் போகிறது. வீட்டை விட்டு வெளியேற்றப்படுபவரும் கடன் பட்டவரும் மிச்சத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வழக்குத் தாக்கல் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கி, அதைச் சட்ட உதவிக்குக் கொடுக்கிறார்கள். இதில் நல்லது இருக்கிறது. வசூல் சுலபம், வருடா வருடம் பட்ஜெட்டுக்காகக் கெஞ்ச வேண்டாம், காலம் கெட்டால் கடன் வழக்குகள் கூடும், வரவும் கூடும். ஆனால் நம் நாட்டில் பொதுவாகத் தோற்றவர்தான் ஜெயித்தவரின் வழக்குச் செலவைக் கொடுக்க வேண்டும். கடை கட்டும் கூடுதல் தொகை முடிவில் அக்காவின் பில்லில் ஏறும். உதவி யாருக்கோ, அவரிடமிருந்தே அதற்கான பணம் வாங்குவதாகிவிடும். கட்டணத்துக்கு ஏழைகளுக்கு விலக்கு உண்டு என்று சொல்வார்கள். சரி, அது வழக்குப் போடும் ஏழைக்கு. வழக்குப் போடப்பட்ட ஏழைக்கு?

மூன்றாவது வழி, வக்கீல்களின் டிரஸ்ட் கணக்கில் கிடக்கும் கட்சிக்காரர் பணத்தின் வட்டி. அமெரிக்காவில் 1981இல் ஃப்ளோரிடா இதை முதலில் தொடங்கியது. யார் பையிலிருந்தும் நேரடியாக எடுப்பதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வழி. நம் நாட்டில் அந்த வட்டி வக்கீல்களின் ஃபிடெலிட்டி ஃபண்டுக்குப் போகிறது, அதன் முதல் வேலை வக்கீல் திருடிய பணத்தைக் கட்சிக்காரருக்கு ஈடுகட்டுவது. அதைத் தொடக்கூடாது, மிஞ்சுவதைக் கேட்கலாம். ஆனால் வட்டியை நம்பி நிற்க முடியாது. 2020 ஜூலையில் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 3.5 சதவீதத்துக்கு இறக்கியது. ஜனங்கள் வேலையிழந்து தவித்த அதே மாதங்கள்.

என்னைக் கேட்டால் அடித்தளம் மானியம்தான், அதில் சிவிலுக்கென்று தனியாக ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். வட்டி அதற்கு மேல் வருவதாக இருக்கட்டும். தாக்கல் கட்டணத்தில் கை வைப்பதென்றால் கம்பெனிகள் போடும் வழக்குகளில் மட்டும், அந்தக் கூடுதல் தொகையைத் தோற்ற தனிநபரிடம் திரும்ப வசூலிக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டு.