மார்மன் ஆலயமா, கத்தோலிக்கத் தேவாலயமா?

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். மார்மன்கள் எனும் கிறிஸ்தவப் பிரிவினரின் ஞாயிறு வழிபாடு நடப்பது ஆலயத்தில் அல்ல, சாதாரணக் கூட்ட மண்டபத்தில். அங்கே யாரும் போகலாம். ஆலயம் ஞாயிறன்று மூடியிருக்கும்.

நுழைவு:
தேவாலயம் – கதவு திறந்திருந்தால் எவரும் உள்ளே போகலாம். கட்டுப்பாடு நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்குவதில்தான்.
ஆலயம் – புது ஆலயத்தை வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கும் முன் சில வாரம் பொதுமக்கள் பார்வையிடலாம். பிறகு அனுமதிச் சீட்டு வேண்டும். பிஷப்பும் (உள்ளூர்ச் சபைத் தலைவர்) அவருக்கு மேலுள்ள தலைவரும் தனித்தனியே நேர்காணல் செய்து தருவது. பெரியவர்களுக்கு 2 ஆண்டு செல்லும்.

உள்ளமைப்பு:
தேவாலயம் – ஒரே பெரிய கூடம், எல்லாக் கண்களும் பீடத்தை நோக்கி. நற்கருணைப் பேழை அருகே அணையா விளக்கு எரியும்.
ஆலயம் – பல அறைகள். பன்னிரண்டு எருதுச் சிலைகள் தாங்கும் ஞானஸ்நானத் தொட்டி; இறந்தோர் சார்பாக உயிருள்ளவர் முழுகுவது அதில்தான். திருமண முத்திரை (தம்பதியை நித்தியத்துக்கும் இணைக்கும் சடங்கு) அறையில் எதிரெதிர்க் கண்ணாடிகள், பிம்பம் முடிவின்றி நீளும். கடைசியில் விண்ணுலகைக் குறிக்கும் செலஸ்டியல் அறை: அங்கே சடங்கே கிடையாது, மௌனம் மட்டும். சிலுவையைத் தேடினால் கிடைக்காது.

திருமணம்:
தேவாலயம் – உறவினர் அனைவரும் அமரலாம்.
ஆலயம் – சீட்டில்லாவிட்டால் பெற்றோரும் வெளியேதான். மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. 2019 முதல், முன்பு ஓராண்டு காத்திருக்க வேண்டிய நாடுகளிலும், எல்லாரும் கலந்துகொள்ளும் சட்டத் திருமணத்தை முடித்த கையோடு முத்திரைச் சடங்குக்குப் போகலாம்.

போகிறபோக்கில் அமர்ந்து ஜெபிக்க, கட்டடக் கலையை ரசிக்க: தேவாலயம். மார்மன் உள்ளறைகளைப் பார்க்க விரும்பும் வெளியாள், புது ஆலயத்தின் திறப்பு நாட்களைக் குறித்துவைத்துப் போவதே வழி.