லினன் நூலை எரித்துப் பார்த்தால் போதாது, நனைத்துப் பாருங்கள்

வீட்டில் நிட்டிங் மெஷின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். லினன் என்று சொல்லி எனக்கு விஸ்கோஸ் என்ற வேறு நூலை விற்றுவிட்டார்கள். இரண்டு கிலோ, 3,600 ரூபாய்.

காரைக்குடி வெயிலுக்கு இரண்டு லினன் மேல்சட்டை பின்னித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் கிடைத்த வெளியூர் வியாபாரியிடம் நூல் கேட்டேன். கலப்பு இருக்குமோ என்றதும் அவரே நூலைக் கொளுத்தி வீடியோ அனுப்பினார். காகிதம் மாதிரி எரிந்தது, பாலியஸ்டர் போல உருகி உருண்டை கட்டவில்லை, சாம்பல் பொடியாக உதிர்ந்தது. "பாருங்க மேடம், பாலியஸ்டர் துளிகூட இல்லை" என்றார். அது உண்மைதான், அங்கேதான் ஏமாந்தேன். விஸ்கோஸ் மரக்கூழில் செய்வது. அதுவும் காகிதம் போலத்தான் எரியும்.

கோன் (நூல் சுற்றிய கூம்பு) வந்ததும் 40 ஊசியில் சோதனைத் துண்டு போட்டேன். என்னுடையது 4.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 200 ஊசி உள்ள மெஷின். லினனுக்கு இழுவை கிடையாது. காய்ந்தபடி ஓட்டினால் விறைத்து நிற்கும், ஊசிக் கொக்கியில் படியாமல் கண்ணி (பின்னல் வளையம்) நழுவும். அதனால் மெழுகு காட்டி, லேசாக ஈரப்படுத்தி, கேரேஜை (ஊசிகளின் மேல் நகர்த்திப் பின்னும் பாகம்) நிதானமாகத் தள்ளுவேன். இந்த நூலோ காய்ந்தபடியே வழுவழுவென்று ஓடியது. வழக்கப்படி தண்ணீர் தெளித்ததும் பன்னிரண்டாவது வரிசையில் அறுந்தது. முடிச்சுப் போட்டேன். நான்கு வரிசைக்குள் மறுபடி அறுந்து, கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து இறங்கின.

பக்கத்துத் தெருவில் கண்டாங்கி நெய்யும் அண்ணனிடம் கோனைக் கொண்டுபோனேன். காய்ந்த இழையை இரண்டு கையிலும் சுற்றி இழுத்தார். விரலில் தடம் விழுந்த பிறகுதான் அறுந்தது. அடுத்த இழையைச் செம்புத் தண்ணீரில் நனைத்து இழுத்தார். சத்தமே இல்லாமல் விட்டுப்போனது.

"பருத்தியே நனைஞ்சா வலுக்கும் தங்கச்சி. இது இத்துப்போகுதே, இது எப்படி லினனா இருக்கும்?"

ஆளிச்செடியின் தண்டு நார்தான் லினன். நனைந்தால் இன்னும் வலுக்கும். விஸ்கோஸ் நனைந்தால் கிட்டத்தட்ட பாதி பலம் போய்விடும். மிச்சமிருந்த துண்டை அலசிக் கொடியில் போட்டேன், இரண்டு விரற்கடை நீண்டு தொங்கியது. அதில் சட்டை பின்னிக் கொடுத்திருந்தால் என் பெயர் என்ன ஆகியிருக்கும்!

வியாபாரிக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். "உங்க மெஷின்ல கோளாறு" என்றார். பிறகு "கோனைப் பிரிச்சுட்டா திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். மூன்றாம் நாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

எனவே பணம் அனுப்பும் முன் இரண்டு முழம் நூல் கேட்டு வாங்குங்கள். பாதியைக் காய்ந்தபடியும் பாதியை நனைத்தும் இழுத்துப் பாருங்கள். பருத்தியை லினன் என்று விற்றால் இந்தச் சோதனையில் தெரியாது. விஸ்கோஸ் என்றால் உடனே தெரிந்துவிடும். கோன் வந்தபிறகும் இதையே செய்யுங்கள், மேல்சுற்றில் மட்டுமல்ல, கொஞ்சம் உள்ளே போய் எடுத்த இழையிலும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 'நூறு சதவீதம் லினன்' என்று அச்சிட்ட லேபிள், பணம் கட்டிய ரசீது, அந்த எரிக்கும் வீடியோ எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.