திருச்சியில் மெடிக்கல் கோடிங் சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போன வருடம் திருச்சியில் ஒரு பயிற்சி மையத்தில் 38,000 ரூபாய் கட்டி மெடிக்கல் கோடிங் படித்தேன். டாக்டர் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய கோடு போடும் வேலை அது. அம்மாவின் வளையலை அடகு வைத்த பணம். மூன்று மாத வகுப்பு, முடிந்ததும் சென்னையில் வேலை நிச்சயம் என்றார்கள்.

ஒரு ஜெராக்ஸ் புத்தகத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நிமோனியாவா ஜே18.9, அக்யூட் பிராங்கைட்டிஸா ஜே20.9, இருமலா ஆர்05. அவ்வளவுதான் வகுப்பு. டாக்டர் எழுதிய சார்ட் (நோயாளியின் மருத்துவப் பதிவு) ஒன்றைக்கூட முழுதாகப் படிக்க வைக்கவில்லை.

சென்னையில் முதல் இண்டர்வியூ. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் எமர்ஜென்சி சார்ட்டைக் கொடுத்தார்கள். காய்ச்சல், அக்யூட் இருமல், கடைசியில் 'நிமோனியாவாக இருக்கலாம்' என்று டாக்டர் எழுதியிருக்கிறார், அட்மிட் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் உடனே ஜே18.9 போட்டேன். இண்டர்வியூ எடுத்த மேடம் பொறுமையாகச் சொன்னார்: அட்மிட் ஆகாதவருக்கு 'இருக்கலாம்' என்பதை வைத்து நோயைப் போடக் கூடாது, அறிகுறியைத்தான் போட வேண்டும், உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் சமயத்திலும் அப்படியே எழுதியிருந்தால்தான் நோய் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு போடலாம். சரி என்று இருமலுக்கு ஆர்05 போட்டேன். அதுவும் தப்பு. 2021 அக்டோபரிலேயே அதைப் பிரித்துவிட்டார்களாம், அக்யூட் இருமலுக்கு ஆர்05.1.

வீட்டுக்கு வந்து அந்த ஜெராக்ஸைப் புரட்டினால் 2020 பதிப்பு. 2021 ஜனவரியில் வந்த கோவிட் நிமோனியா கோடு ஜே12.82 அதில் எப்படி இருக்கும்? ஒவ்வொரு அக்டோபர் 1-ம் தேதியும் கோடுகள் மாறும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த வேலை கிடைக்காமல் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை: நான் போட்டது நிஜ சார்ட்டாக இருந்திருந்தால், உறுதியாகாத ஒரு நிமோனியா அந்த மனிதரின் பதிவில் ஏறியிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'பேட்ச் முடிஞ்சிருச்சும்மா' என்று அனுப்பிவிட்டார்கள். ரசீதில் வேலை என்ற வார்த்தையே இல்லை.

சேருவதற்கு முன் இந்த வருடப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து சார்ட் படிக்க வைக்கிறார்களா என்று பாருங்கள். மனப்பாடம் செய் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மெடிக்கல் கோடிங் சான்றிதழுக்கான சிபிசி தேர்வே புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுவதுதான், 100 கேள்வி, 4 மணி நேரம்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீதையும் அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்கும் ஒரு மெசேஜ் போடுங்கள்.