மனக்கணக்கா, ஆன்லைன் கால்குலேட்டரா?

பிரிட்டன் குதிரைப் பந்தயத்தில் 12/1 என்று போட்டிருந்தால் 1 பவுண்டுக்கு 12 பவுண்டு லாபம், கட்டிய பணமும் திரும்பும். இதற்குக் கால்குலேட்டர் எதற்கு?

ஈச்-வே பந்தயத்தில்தான் மனக்கணக்கு தடுமாறும். 5 பவுண்டு ஈச்-வே என்றால் கட்டுவது 10. பாதி வெற்றிக்கு, பாதி முன்னணி இடங்களுக்கு. கிராண்ட் நேஷனல் என்ற பெரிய பந்தயத்தில் அந்த 12/1 குதிரை மூன்றாவதாக வந்தால் வெற்றிக்குக் கட்டிய 5 போச்சு. மறுபாதிக்கு 12/1-இல் கால்பங்கு, அதாவது 3/1. கைக்கு வருவது 20. கால்குலேட்டர் நொடியில் சொல்லிவிடும். ஆனால் அதில் 1/4-க்குப் பதில் 1/5 என்று இருந்தால் 17 என்று காட்டும். கையால் போடத் தெரிந்தவருக்குத்தான் அது உறுத்தும்.

லக்கி 15 என்ற கூட்டுப் பந்தயம் என்றால் நான் பேப்பரைத் தொடவே மாட்டேன். நான்கே குதிரை, 15 பந்தயம்: ஒற்றை 4, இரட்டை 6, மூன்று சேர்ந்தது 4, நான்கும் சேர்ந்தது 1. நடுவில் ஒரு குதிரை விலகி, ரூல் 4 பிடித்தமும் (குதிரை விலகியதற்காக லாபத்தில் கழிப்பது) வந்தால், சரி, கால்குலேட்டரே கதி.

அது காட்டுவதெல்லாம் ஜெயித்தால் வரும் தொகை. ஜெயிக்கும் வாய்ப்பை அது சொல்லாது. 12/1 என்ற விலை குறிக்கும் வாய்ப்பு 13-இல் 1, சுமார் 7.7%. எல்லாக் குதிரைக்கும் இப்படிப் போட்டுக் கூட்டினால் பெரும்பாலும் 100-ஐத் தாண்டும். அந்த மிச்சம் பந்தயம் ஏற்கும் புக்மேக்கருக்கு.